ஒரே வீட்டின் இரண்டு ஓட்டுகள்

பிப்ரவரி 3

அன்புள்ள சிஸ்டருக்கு,

வார்டே உன்னை அப்படிக் கூப்பிடுகிறது, கட்டிய புருஷன் கூப்பிட்டால்தான் தப்பா என்று விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது வேறு பெயர் வாயில் வரவில்லை. நான் நலம். நீயும் உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் வேண்டாம், ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுத ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது ஒன்று இருக்கிறது. நம் 'முறை' தேறவில்லை. இன்னும் கொஞ்ச காலம் நாற்றங்காலிலேயே இருக்க வேண்டுமாம். நர்ஸுகளுக்கு டியூட்டி பிரித்துக் கொடுக்கிற ஒரு சின்ன மென்பொருளுக்கு இத்தனை பரீட்சையா என்று எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சமூகம் நமக்குப் போட்டிருக்கும் வழிகாட்டி, நாம் டீச்சர் என்போமே, அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "கட்டற்ற மென்பொருள் சமூகம் உங்கள் திட்டத்தை நாற்றங்காலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, நாளைக்கு நீங்கள் இருவரும் இல்லாவிட்டாலும் அது நிற்க வேண்டும் என்பதற்காக. நிரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த மாற்றத்தையும் ஏன் செய்தீர்கள் என்று பொதுமடலில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் உங்கள் சாப்பாட்டு மேஜையில் முடிவாகிறது. எல்லோரும் படிக்கிற இடத்தில் பேசாதது, எங்களைப் பொறுத்தவரை நடக்காதது."

பழைய முடிவுகளுக்கெல்லாம் காரணம் எழுதிப் போடச் சொல்கிறார். தொடர்ந்து மூன்று நைட் பார்த்தால் மறுநாள் கட்டாய லீவு என்று வைத்தோமே, அதை யார் சொன்னது, நீயா நானா? எனக்கு நினைவில்லை.

வீட்டில் விசேஷமில்லை. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. பக்கெட் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் என்ஜினியர்


பிப்ரவரி 11

அன்புள்ள என்ஜினியர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டாய லீவு என் யோசனை. நைட் முடித்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நின்றபடி சொன்னேன். நீங்கள் தட்டைப் பார்க்காமல் மடிக்கணினியைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "நல்ல பாயிண்ட்" என்றீர்கள். பொதுமடலில் காரணத்தை மட்டும் எழுதிவிட்டேன். தட்டைப் பற்றி எழுதவில்லை.

அக்கா மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். அலமாரியில் பாதிக்குமேல் அவளுடைய பழைய போர்வைகள். வந்த அன்றே கதவைச் சாத்திவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"அடிச்சாரா?"

"இல்லக்கா."

"குடிக்கிறாரா?"

"காபியே அரை டம்ளர்தான் குடிப்பாரு."

"வேற யாராவது...?"

"அதுக்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது?"

"அப்புறம் என்னடி உனக்கு நோவு?"

நோவு இருந்தால் இங்கே என்று தொட்டுக் காட்டியிருப்பேன். வார்டில் சில பேர் அப்படி வருவார்கள். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் "தெரியலீங்க" என்பார்கள். அவர்கள் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் டாக்டர் பேனாவைக் கடிப்பார். அக்காவும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள்.

உங்கள் மேல் கோபமில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். சமையலறையில் கடைசி இழுப்பறையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டர்


மார்ச் 5

அன்புள்ள சிஸ்டருக்கு,

பொதுமடல் இப்போது சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்திருப்பாய். நான் ஒன்று கேட்கிறேன், நீ டீ பிரேக்கில் பதில் போடுகிறாய், நடுவில் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து "அது சரிப்படாது" என்கிறார்கள். நம் மேஜைக்கு அவர்கள் வர வழியில்லாமல் இருந்தது. இப்போது திறந்த வீடாகிவிட்டது. ஊசி என்ற பெயரில் எழுதுகிறாளே ஒரு நர்ஸ், அவள் ஆஸ்பத்திரியில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு 'முறை' நைட் டியூட்டி போட்டிருக்கிறது. திட்டிவிட்டுப் போகாமல் நிரலை அவளே திருத்தி அனுப்பினாள். டீச்சருக்கு ஏக சந்தோஷம். "திட்டம் இப்போதுதான் மூச்சு விடுகிறது. அப்படி என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "எல்லாவற்றையும் எழுத்தில் பேசுகிறோம்" என்று எழுதினேன். பொய்யில்லை.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. திட்டத்தில் எதை முடிவு செய்யவும் உனக்கும் எனக்கும் ராக்கோழிக்கும்தான் இப்போது ஓட்டு. பகலில் ஆளே தென்படாமல் ராத்திரியில் மட்டும் நிரல் அனுப்புகிறானே அந்தப் பயல், அவன்தான் மூன்றாவது ஆள். ஒரே வீட்டிடம் பாதிக்கு மேல் ஓட்டு இருக்கக் கூடாது என்பது சமூகத்தின் விதி. டீச்சர் பொதுமடலிலேயே கேட்டிருக்கிறார்: "நிறுவனர்கள் இருவரும் ஒரே வீடா, வெவ்வேறு வீடா? ஒரு வரியில் பதில் போதும்."

ஒரே வீடு என்றால், ஊசி போன்ற யாராவது ஓட்டுரிமை பெறும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் ஆகலாம். வெவ்வேறு வீடு என்றால் இப்போதே தேறிவிடும்.

நான் அம்மாவிடமே இன்னும் சொல்லவில்லை. போன் செய்யும்போதெல்லாம் "அவளுக்கு டியூட்டிம்மா" என்கிறேன். "எந்த ஊர் ஆஸ்பத்திரிடா இப்படிப் புழிஞ்சு எடுக்குது?" என்று அவர் ஆஸ்பத்திரியைத் திட்டுகிறார்.

நான் என்ன எழுதட்டும்?

உன்,
என்ஜினியர்


மார்ச் 12

அன்புள்ள என்ஜினியர் சாருக்கு,

கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டது. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். எல்லோரும் படிக்கிற இடத்தில் நானும் படித்துக்கொள்கிறேன்.

வாஷர் மாற்றினீர்களா?

இப்படிக்கு,
சிஸ்டர்


மார்ச் 20

அன்புள்ள சிஸ்டருக்கு,

மாற்றிவிட்டேன். சொட்டவில்லை.

டீச்சருக்கும் பதில் எழுதிவிட்டேன், பார்த்திருப்பாய். "ஒரே வீடு." இரண்டே சொல். அதை அனுப்ப ஒரு சாயங்காலம் ஆனது. ராக்கோழி உடனே போனில் பிடித்துவிட்டான்.

"என்ன சார், வாய்க்கு வந்த பழத்தைத் தட்டி விட்டுட்டீங்க? வேற வேற வீடுன்னு போட்டா யாரு கதவைத் தட்டிப் பாக்கப் போறா?"

"பொய் சொல்லக் கூடாதுப்பா."

"நீங்க இவ்ளோ உத்தமர்னு தெரியாமப் போச்சு சார்."

நான் எழுதியது பொய்யா, மெய்யா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன் செருப்பு ஒரு ஜோடி வாசலில் இருக்கிறது. கரண்ட் பில் உன் பெயருக்குத்தான் வருகிறது. அந்த வகையில் ஒரே வீடுதான். திட்டம் ஆறு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வா என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சாப்பிடும்போது மடிக்கணினியைத் தொடமாட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், டீச்சருக்கு அனுப்புகிற முன்னேற்ற அறிக்கை மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீ எழுது.

உன்,
என்ஜினியர்


ஏப்ரல் 9

அன்புள்ள என்ஜினியர் சாருக்கு,

பொதுமடலில் நான் போட்ட வரியைப் படிப்பதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். எழுத வரவில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். "திருத்தம்: இரண்டு வீடுகள்" என்பதை அத்தனை பேரோடு சேர்ந்து நீங்களும் படிக்கும்படி ஆனது. அதற்காக வருத்தப்படுகிறேன்.

நீங்கள் 'ஒரே வீடு' என்று எழுதியதை வார்டில் வைத்துத்தான் படித்தேன். படித்ததும் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஊசி போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்போமே, அப்படி. ஓரத்துப் படுக்கை அம்மாள் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். எவ்வளவு நல்ல மனுஷர் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. வேறு எதுவும் வரவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்கே பதில் தெரிந்தது.

நேற்று அவளிடம் சொன்னேன்.

"அடிப்பாவி, உலகமே படிக்கிற இடத்திலயா போட்டே?"

"அங்கதானேக்கா கேட்டாங்க."

"படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க."

உண்மையும் அதுதானே. திட்டம் தேறலாம் என்று என் வரிக்குக் கீழே சரம் சரமாக '+1' ஓட்டு விழுந்தது. ராக்கோழி போட்டார். தன் ஓட்டு செல்லாது என்று தெரிந்தும் ஊசி போட்டாள். டீச்சர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று. பரவாயில்லை டீச்சர், கேட்க ஆள் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓடியது என்று பதில் போட்டேன்.

உங்கள் ஓட்டு கடைசி நாள்வரை வரவில்லை. அப்புறம் வந்தது. '+1.' காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. நன்றி.

அத்தையிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே நேரில் போய்ச் சொல்கிறேன். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

லீவு எந்த நாளில் வேண்டும் என்று கேட்க 'முறை'யில் நாம் 'விருப்ப நாள்' என்று ஒரு கட்டம் வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு லீவு என்பதால் நானும் எப்போதும் ஞாயிறு என்றே போட்டு வந்தேன். இந்த மாதம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எல்லா ஞாயிறும் எனக்கு டியூட்டி போட்டுவிட்டது. பிழை ஏதாவது இருக்குமோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். இல்லை. சரியாகத்தான் வேலை செய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டர்