எரிக்காவின் கூட்டமும் என் கிடாரமும்

10 பெப். 87, செவ்வாய்

பனி. சப்பாத்துக்குள் தண்ணீர். கன்டீனில் தட்டு மலை. ஸ்டுட்கார்ட்டில் என்னைப்போலத் தட்டுக் கழுவ ஆளில்லை.

புதிய சமையல்காரி, பெயர் எரிக்கா. கறுப்பர், என்னைவிட உயரம். என் முதல்தர ஆங்கிலத்தில் எந்த நாடு என்று கேட்டேன். பதில் ஜேர்மன் மொழியில், அதுவும் இந்த ஊர்க் கிழவிகளின் இழுவையில்: ஹெஸ்லாக். நான் குடியிருக்கும் அதே பகுதி. பிறந்ததே அங்கேதானாம். ட்ராமில் என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, நானே கேட்டுவிட்டேன்.

12 பெப்., வியாழன்

மழையும் பனியும். வாங்க: வெங்காயம், சவர பிளேட், தபால் முத்திரை.

எரிக்காவின் கதை. தகப்பன் அமெரிக்கப் படையில் வந்த கறுப்பர். பிள்ளை பிறக்கமுன் அவரைத் திருப்பிக் கப்பலேற்றிவிட்டார்கள். தாய் வெள்ளைக்காரி, இப்போது மலைப்பக்கத்துக் கிராமத்தில். சிறுவயதில் கடைக்குப் போனால் யாருடைய பிள்ளை என்று சனம் கேட்குமாம். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்த பிள்ளை என்பாராம் தாய். எரிக்கா அவர் கையைப் பிடித்தபடி நிற்பாராம்.

கேட்டுக்கொண்டே சூப்புக் காய்ச்சும் பெரிய கிடாரத்தைத் தேய்த்தேன். தேவைக்கு மேல்.

சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் கூட்டம். இந்த மாநிலத்துக் கறுப்பு ஜேர்மன்காரர் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே சொல்லப்போகிறார்கள். படம், பாட்டு, பேச்சு. தாய் முன்வரிசையில் இருந்தால்தான் எரிக்கா பேசுவாராம். தாய் வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் இல்லை.

அங்கே மேளம் அடிக்க இருந்த கானா நாட்டுக்காரர் என்னைப்போல அகதி. தன் மாவட்டம் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. நான் வாசிக்கிறேன், இலங்கை வானொலியில் வாசித்தவன் என்றேன்.

அறையில் கூட இருக்கும் மன்னார் அருளப்பு: "அண்ணை, நீங்கள் புத்தளத்திலை உப்பு லொறியெல்லே ஓடினனீங்கள்?"

அங்கேதான் பழகினேன். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த ஆபிரிக்க வம்சம் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. சிரட்டை, போத்தல், கரண்டி போதும் அவர்களுக்கு. அவர்கள் தாளம் என் விரலில் கிடக்கிறது. வானொலியும் ஏறக்குறைய உண்மை. நிலைய வாசலில் லொறி நிறுத்தியிருக்கிறேன்.

14 பெப்., சனி

கடும் பனி. மேளம் கிடைக்கவில்லை. நானும் அருளப்புவும் கன்டீன் சூப்புக் கிடாரத்தைச் சுமந்து போனோம்.

சுவர் முழுக்கப் படங்கள். கைசர் சக்கரவர்த்தி காலத்தில் ஆபிரிக்காவின் கமரூனிலிருந்து தொழில் பழக வந்த ஒருவர், கழுத்துப்பட்டியோடு. கைசரே கைகொடுத்தாராம் (இது நான் சேர்த்தது, ஆனால் கொடுத்திருப்பார்). ஹிட்லர் காலத்தில் அவர் மகளின் பாஸ்போர்ட்டைப் பறித்தார்களாம், சர்க்கஸில் ஆடிப் பிழைத்தாராம். பிறகு வாத்தியக்காரர்கள். பிறகு பள்ளிக்கூடப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கறுத்த முகம். எத்தனை கம்பீரமான சனம். நான் நாலு வருடத்தில் களைத்துவிட்டேன், இவர்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கிறார்கள்.

தொடங்கும் நேரம். தாய்க்கு வைத்த முன்வரிசை நடுக்கதிரை வெறுமை. மலையில் பஸ் நின்றுவிட்டதாம். தொடங்குவோம் என்றார்கள் மற்றவர்கள். எரிக்கா அசையவில்லை.

"அவ வராமல் எனக்கு ஏலாது." பிறகு என்னிடம்: "வாசியுங்கோ."

கிடாரத்தைக் கவிழ்த்தேன். தெரிந்தது ஒரே தாளம். அதையே திருப்பித் திருப்பி. அருளப்பு போத்தலில் கரண்டி தட்டினான். முதலில் கைதட்டினார்கள், பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். வழுக்கைத் தலை முதியவர் ஒருவர் கிடாரத்தின் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். என்னைவிட நன்றாக அடித்தார் என்று சொல்லலாம். மூன்று மணித்தியாலம் வாசித்தேன். முக்கால் மணி என்கிறான் அருளப்பு. அவனிடம் மணிக்கூடு கிடையாது.

கதவு திறந்தது. கோட்டெல்லாம் பனியோடு ஒரு கிழவி. பால் லொறிக்காரன் ஏற்றிவந்தானாம். லொறிக்காரர் எப்போதும் நல்லவர்கள்.

எரிக்கா பேசத் தொடங்கினார். சுவரில் உள்ளவர்களைப் பற்றி நன்றாகச் சொன்னார். தன் கதை வந்ததும் குரல் நின்றுவிட்டது.

கிழவி எழுந்தார். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

"இது என்ரை பிள்ளை. நான் பெத்த பிள்ளை."

கையை என்ன செய்வதென்று தெரியாமல் கிடாரத்தில் ஒருமுறை தட்டினேன்.

15 பெப்., ஞாயிறு

வெயில். விரல்கள் வீங்கி, பேனை பிடிக்க ஏலவில்லை.

நேற்று எழுத மறந்தது. எல்லாம் முடிந்து எரிக்கா தாயை என்னிடம் கூட்டிவந்தார். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, இந்த ஐயா எந்த நாடு என்று மகளிடம் கேட்டார். வானொலியிலிருந்து தொடங்குவோம் என்று மூச்சை இழுத்தேன்.

எரிக்கா முந்திக்கொண்டார். "இவர் ஹெஸ்லாக், அம்மா."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை.