வெல்லத்தை நீ ஏன் ஆராய்ந்தாய், சரசு?

என் பிடிவாதத்துக்குச் சரிசமமாகப் பிறந்த தங்கச்சி சரசுவுக்கு,

நீ கண்ணை மூடி மாதங்கள் ஆகியும் உன்மேல் கோபம் தீரவில்லை. இனியும் கோபப்படலாமா என்பதுதான் இப்போது விளங்கவில்லை.

அம்பத்தூர் வார்ப்படப் பட்டறையில் நானும் என் கூட்டாளிகளும் மணல்தூசியை விழுங்கி வேலை செய்தோம். ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி வேண்டுமென்று நிர்வாகத்தோடு மோதி வாங்கித் தந்தவன் நான். நெஞ்சில் படிந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினோம். நீயோ பேராசிரியராகி, நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சுகளை ஆராய்கிறேன் என்று பட்டறை வாசலுக்கே வந்து, "வெல்லம் போதாதுண்ணா, முகமூடி கேளு" என்றாய். எல்லார் முன்னாலும்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம வெல்லத்த புடுங்க உன் தங்கச்சியே வந்துகீது!" என்று என்னோடு வேலை செய்த கபாலி சிரித்தான். அதன்பிறகு உன் முகப்பேர் வீட்டுப் படியை நான் மிதித்தேனா?

போன வாரம் உன் மாணவி நஸ்ரின் திருமுல்லைவாயிலுக்கு என்னைத் தேடி வந்தாள். நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்தது வெல்ல ஆராய்ச்சியாம். எங்கள் பட்டறைத் தூசியை எலிகள் சுவாசிக்கும்படி செய்து, சிலவற்றுக்கு மட்டும் வெல்லத் தண்ணீர் வைத்தாயாம்.

"அப்ப வெல்லம் காப்பாத்துதா, இல்லியா?"

"தெரியல அங்கிள். முடிவு இன்னும் தெளிவா வரல."

"இத்தினி படிச்சும் தெரியலியா?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்னுதான் மேம் மொதல்ல கத்துக்குடுத்தாங்க. வெல்லம் நல்லதுன்னு வந்தா மேம் சந்தோஷப்படுவாங்கன்னு ஒரு தடவ அப்படியே எழுதிட்டேன். கிழிச்சுப் போட்டுட்டாங்க."

அதில் உனக்கென்ன சந்தோஷம், சரசு? நான் ஜெயிக்க வேண்டுமென்றா ஆசைப்பட்டாய்? அப்படியானால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

கபாலிக்கு இப்போது மாடி ஏறினால் மூச்சிரைக்கிறது. வெல்லம் இருக்கிறதே என்று அவன் முகமூடியே போட்டதில்லை. அதனாலா? வயதாலா? நான் யாரைக் கேட்பேன்?

பழைய ஆட்களை மூச்சுப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்கிறாள் நஸ்ரின். நான் முதலில் ஊதினால்தான் மற்றவர்கள் ஊதுவார்கள். இதே பரிசோதனைக்கு அன்று நீ கூப்பிட்டபோது, "நான் உனக்கு அண்ணனா, எலியா?" என்று கேட்டவன் நான்.

ஊதுகிறேன். கபாலியையும் கூட்டிப் போகிறேன். தப்பு என்பக்கம் என்று வந்தால், அவனிடம் நானே என் வாயால் சொல்வேன். உன் மாணவப் பிள்ளைகளைச் சொல்லவிட மாட்டேன். சரியென்று வந்தால் உன் படத்தின் முன் நின்று சண்டை போடுவேன். நீ சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னும் உனக்கு விட்டுக்கொடுக்காத,
உன் அண்ணன்