அக்கி ஆறிய பிறகு

அக்கா,

இன்று காலை மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரை மிளகளவுதான் இருந்தது. சர்க்கரையால் என் பாதங்கள் எரிகின்றன. அதற்கு டாக்டர் எழுதித் தந்தது. பெயரைப் படித்ததும் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குக் கொடுத்த அதே மாத்திரை.

எழுபதுகளின் கடைசி அது. செந்துறையில் நீ இருந்தபோது உன் விலாவில் அக்கி வந்தது. வழக்கப்படி குயவர் வந்து காவி குழைத்து அதன் மேல் எழுதினார். கொப்புளங்கள் உதிர்ந்தன; எரிச்சல் மட்டும் போகவில்லை. "முந்திரிக்கொட்டைப் பாலை ஊத்துனாப்புல இருக்குடா தம்பி" என்பாய். ரவிக்கை உரசினாலே துடிப்பாய். மாதக்கணக்கில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டே கிடந்தாய்.

அரியலூர் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனேன்; இந்த மாத்திரையைத் தந்தார். மூன்றாவது வாரம் ரவிக்கை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். "எருமையாட்டம் தூங்குறேன்டா!" என்று சிரித்தாய்.

அத்தோடு விட்டிருக்கலாம். எதையும் விளக்கியே பழகிய வாய் எனக்கு. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த இங்கிலீஷ் தாளைப் பிரித்துப் படித்து, "அக்கா, இது மனச்சோர்வுக்குக் குடுக்குற மருந்தாம்" என்றேன். ஜெயங்கொண்டத்துக்காரர்கள் உன் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வாரம் அது.

"அப்ப எனக்கு வலியே இல்ல, கிறுக்குன்னு நெனச்சுட்டாரா? அவங்க காதுல விழுந்தா கிறுக்கச்சி மவளக் கட்டுவாங்களாடா?"

மாத்திரைகளை எருக்குழியில் கொட்டினாய். நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

மறுமாதம் தனியாகப் போய் டாக்டரிடமே கேட்டேன். "வலி நெசம் சார். அக்கி நரம்பைக் கெடுத்துடுச்சு. புண்ணு ஆறியும் அது மூளைக்கு எரியுது எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. இந்த மருந்து அந்தச் சத்தத்தைக் கொறைக்கும். எல்லாருக்கும் பலிக்காது. அவங்களுக்குப் பலிச்சுச்சே, ஏன் நிறுத்துனீங்க?"

ஓடிவந்து சொன்னேன்: "வெந்நீர் ஒண்ணுதான்க்கா. அரிசியும் வேகும், ஒத்தடமும் குடுக்கலாம். அந்த மருந்தும் அப்படித்தான், மனசுக்கும் ஆகும், நரம்பு எரிச்சலுக்கும் ஆகும்." நீ அசையவில்லை. "கல்யாணம் முடியட்டும்டா." முடிந்தது. பிறகு, "சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா மவளைத்தான் குத்திக் காட்டுவாங்க."

ஆறு வருடம் ஈரத்துணியோடு இருந்து போய்விட்டாய். கடைசியாக உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள், அந்த விலாவில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்களாம். பழக்கம்.

மாத்திரையை விழுங்கிவிட்டேன், அக்கா. தாளைப் பிரிக்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சல் தணியலாம் என்கிறார் டாக்டர். தணிந்தால், உன்னிடமிருந்து நான் எதைப் பறித்தேன் என்று அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரியும்.