கடைசி மாத்திரைக்குள் சொல்ல வேண்டியது

அன்பு மகள் வாலுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் என் மொட்டைத் தலையும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுது. அப்பாவிடமிருந்து இவ்வளவு நீளக் கடிதமா என்று கண்ணைக் கசக்காதே, 'ம்ம் அப்பா' என்று நீ பட்டம் கட்டிய அதே ஆள்தான். எல்லாம் அந்த வெள்ளை மாத்திரையின் வேலை. இந்தக் கழுத்துக் கட்டிக்காக ஒவ்வொரு சுற்றும் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றிவிட்டு, வீட்டுக்குச் சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள், பிரெட்னிசலோன் என்று பேர், இப்போதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பசி அகோரமாக எடுக்கும், தூக்கம் கெடும், சிலர் ஓயாமல் பேசுவார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, இவராவது பேசறதாவது என்று உன் அம்மா அங்கேயே சிரித்துவிட்டாள். இப்போது சிரிக்கிறாளா கேள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறாள்! இது ஆறாவது சுற்று, கடைசிச் சுற்று. இன்று காலை அம்மா மாத்திரையை நீட்டி, இதோட தீர்ந்துச்சு என்றாள். நாளைக்கு நான் பழையபடி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வேன், அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை மாத்திரையின் வேகம் இறங்குவதற்குள் கொட்டிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று டாக்டரம்மா என் கழுத்தைத் தடவித் தடவித் தேடினார், தொலைந்த சாவியைத் தேடுகிற மாதிரி. கட்டி கிடைக்கவே இல்லை. என் ஆயுசில் எதையும் இவ்வளவு சந்தோஷமாகத் தொலைத்ததில்லை. இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது, அதையும் ஒரு கை பார்த்துவிடலாம். முடி போனதில் எனக்கு வருத்தமே கிடையாது, சீப்பை அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். முதல் தடவை சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போய், ரத்தம் ரத்தம் என்று நான் வார்டையே கூட்டிவிட்டேன், அந்த மருந்தின் நிறம்தான் அது, முன்னாடியே சொன்னேனே என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லியிருப்பார், நான்தான் ம்ம் போட்டிருப்பேன். இன்னொரு மருந்து, வின்கிரிஸ்டின், அதுதான் கொஞ்சம் படுத்துகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது, சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம். சட்டைப் பட்டன் போடுவது அம்மா, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவதும் அம்மா, காலையில் ஒரு மூடியில் போட்டு நீட்டுவாள், நான் வாயைத் திறப்பேன். பேனாவில் ரப்பர் பேண்டு சுற்றி எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

போன தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் உள்ளே, கையில் ஒரு திருப்புளியைக்கூடப் பிடிக்க முடியாது! மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். கூட இருந்த வாட்டசாட்டமான ஒருவர் வெலவெலத்துப் போய், அறுந்து விழுந்துடுமா சார் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். கை உதவாது, வாய் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். கயிறு ஒன்றில்லை பல உண்டு, பிரேக் கவ்விக்கொள்ளும் என்று சொன்னேன், பிறகு உன்னைப் பற்றிப் பேச்சு திரும்பிவிட்டது. சின்ன வயதில் என்னோடு வேலைக்கு வந்து எல்லா மாடிப் பட்டனையும் ஒன்று விடாமல் அமுக்கிவிட்டு நீ ஓடியதைச் சொன்னதும் மனுஷர் பயத்தை மறந்து சிரித்துவிட்டார். கதவு திறந்து வெளியே வந்ததும், பொண்ணுகிட்ட தினமும் இப்படித்தான் பேசுவீங்களா சார் என்று கேட்டார். நான் பழையபடி ஒரு ம்ம் போட்டுவிட்டு நடந்தேன்.

நீ போன் செய்வாய், சாப்பிட்டீங்களாப்பா என்பாய், ம்ம், அம்மாகிட்ட குடுக்கறேன் என்று கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நீங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருப்பேன். விமான நிலையத்தில் உன் பெட்டிச் சக்கரத்தை முடுக்கிக் கொடுத்துவிட்டு, சக்கரம் பத்திரம் என்றேனே, நான் சொல்ல வந்தது அதில்லை. நீ இல்லாம எப்படிடி இருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பாடா, சொல்லிவிட்டேன். எனக்காக வேலையை விட்டுவிட்டு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம், அந்தப் பேச்சே வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா, போதும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

இதுவரை எழுதியதை உன் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். ஸ்டீராய்டு போன வாரமே முடிஞ்சு போச்சு, நாலு நாளா நீங்க முழுங்கறது வெறும் சத்து மாத்திரை, அந்த அட்டைதான் தீர்ந்துச்சு என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்க எங்க பேச விட்டீங்க என்கிறாள். நேற்று மேல்வீட்டுத் தையல்காரரை வாசலில் நிறுத்தி ஒரு மணி நேரம் அறுத்தேனே, அதுவும் நானேதானா! இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். கிழிக்கவில்லை.

நோய் நொடி இல்லாமல், வாய் ஓயாமல், நூறு வயசு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மா எங்கே என்று கேட்காதே, போனை நான் தர மாட்டேன்.

இப்படிக்கு,
வெறும் சத்து மாத்திரையில் இவ்வளவும் பேசிய
உன் அப்பா