பொட்டு வைத்த பேட்டரிகள்

செவ்வாய், ஆவணி 10

பனிமூட்டம். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. ஸ்டுடியோவுக்கு ஈ காக்கை வரவில்லை. கோ. கேமராப் பையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணங்களை வீடியோ எடுப்பது நான். கேமரா என் மனைவி கோகிலாவுடையது, அப்படித்தான் ஆகிவிட்டது. போன கேமராவை ஏற்காட்டு ஈரம் தின்றது. லென்ஸுக்குள் பூஞ்சை, பழுது பார்ப்பவர் கைவிரித்தார். அதிலிருந்து பிடித்தது இவளுக்கு இந்தப் பைத்தியம். செருப்புப் பெட்டி, புதுப்பை எதில் வந்தாலும் அந்த ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவாள். வெயில் வந்தால் மாடியில், வராவிட்டால் இளஞ்சூட்டுத் தோசைக்கல்லில் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் கேமராவோடு போடுவாள். என் தோசைக்கு இந்தக் கவனிப்பு கிடையாது.

பேட்டரிக்குச் சட்டங்கள் தனி. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். சூடாக இருப்பதை உடனே சார்ஜில் போடக் கூடாது. கடைசிக் கோடு வந்தால் மாற்றிவிட வேண்டும், அடிமட்டம் வரை தீரவிடக் கூடாது. எடுத்ததைக் கேமராவிலேயே ஓட்டிக் காட்டக் கூடாது, யாருக்கும்.

சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. தீர்ந்ததும் பொட்டைப் பிய்த்துத் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வாள். மண்டபக் கூட்டத்தில் நான் தூரத்திலிருந்து அவள் கையைப் பார்த்தாலே நிலவரம் புரியும். இந்த யோசனை வேறு யாருக்கு வரும்? அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும்.

வியாழன்

தூறல். காய்ந்த துணி ஒன்றும் இல்லை. மின்சாரம் வந்து வந்து போகிறது, ஆனாலும் நான்கு பேட்டரிக்கும் பொட்டு வைத்தாயிற்று.

நாளை செம்மநத்தம் சரண்யாவின் கல்யாணம், கீழே சேலத்தில் மண்டபம். இன்று அவளே வந்தாள். அவள் அம்மா காப்பித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். வண்டியில் மலை இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அம்மாவ உட்டுட்டு ராத்திரியே மண்டபத்துக்குப் போக மாட்டேன்னு சொல்லிட்டேனுங்கண்ணா. காலைல வெள்ளனதான் கிளம்பறோம். தாலி கட்டறத அம்மா நாளைக்கே பாத்தரணும். எங்கூர்ல போன்ல படமே வராதுங்க."

"டிவி இருக்குதல்ல கண்ணு? வயரு மாட்டிக் காட்டிர்லாம், பெருசா தெரியும்," என்றாள் கோ.

வாக்குக் கொடுத்தாயிற்று. கோ. வயரை மூன்று முறை சரிபார்த்தாள்.

வெள்ளி, மண்டபத்தில், சாப்பாட்டுக்குப் பின்

எழுதிவிடுகிறேன்.

விடியலில் பெண் வீட்டு வேனிலேயே இறங்கினோம். குளிர். கோ. ஒரு பேட்டரியைக் கேமராவில் மாட்டிவிட்டு, மற்ற மூன்றையும் துணியில் சுற்றி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள், குளிரில் அதுகளுக்குச் சத்து போய்விடுமாம். கேமராப் பை மூடியபடி. மலையில் மூடினால் கீழே மண்டபத்தில் வெகுநேரம் ஆன பிறகே திறக்க வேண்டும். இதுவும் சட்டம், குளிர்ந்த கண்ணாடி புழுக்கத்தில் வேர்த்துவிடுமாம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் சரண்யா, "அண்ணா, எங்க மலைய ஒருக்கா எடுத்துருங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. கோ. முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேனை நிறுத்தி, பையைத் திறந்து, அவளோடு இறங்கினேன். பனி, அதற்குள் அவள் முகம். நல்ல படம். கேமரா ஐஸ்கட்டி ஆகிவிட்டது.

அடிவாரத்தில் டீ குடித்தபோதும் கோ.விடம் இதைச் சொல்லவில்லை. மண்டபத்தின் புழுக்கத்தில் வெளியே எடுத்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. திரையில் பால் கொட்டியதுபோல வெள்ளை. ஐயர் மந்திரம் ஆரம்பித்துவிட்டார். சட்டை நுனியால் துடைக்கப் போனேன்.

"துடைக்காதீங்க. உள்ள இருக்கறத எப்பிடித் துடைப்பீங்க?" கோ. பிடுங்கிக்கொண்டாள். மலையில் திறந்தீர்களா என்று கேட்கவே இல்லை, அதுதான் உறைத்தது. கெட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டினாள், முந்தானையால் மூடி மடியில் அணைத்துக்கொண்டாள். இனிமேல் புது ஈரம் ஒட்டாது, உடம்புச் சூட்டில் மெல்லத் தெளியும் என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "ஏனுங்க, கேமராக்காரரு சும்மா நிக்கறாரு?" என்றார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. கோ. கவருக்குள் எட்டிப் பார்த்தாள், இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். திரும்ப மூடினாள். தட்டு மேடைக்குத் திரும்பியபோதுதான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

தெளிவு. கண்ணாடி மாதிரி. கெட்டிமேளம், மூன்று முடிச்சு, சரண்யா நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தது, எல்லாம் விழுந்தது. சுற்றி நின்றவர்களின் போனில் விழுந்ததெல்லாம் என் முதுகு.

கோ. கைப்பொட்டு: இரண்டு.

சனி

மழை விட்டிருக்கிறது. நேற்று சாயங்காலத்தை எழுத வேண்டும்.

மண்டபத்தில் வேலை முடியும்போது பொட்டு மூன்று. நேராகச் செம்மநத்தம். வழியில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, ஊரே இருட்டில் கிடந்தது. டிவி கறுப்பாக நின்றது. வயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்தேன். நாளைக்கு வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சரண்யாவின் அம்மா கட்டிலில் புதுச்சேலை உடுத்திப் படுத்திருந்தார். தலையில் பூ. ஆகாரம் வேண்டாம் என்று படம் பார்க்கக் காத்திருந்தாராம்.

கோ. நான்காவது பேட்டரியை மாட்டினாள். கேமராவின் சின்னத் திரையைத் திருப்பி, கட்டில் ஓரம் மண்டியிட்டு அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவள் போட்ட சட்டம், அவளே உடைக்கிறாள்.

முதலில் பனியும் சரண்யா முகமும் ஓடின. கோ. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது தெரிந்துவிட்டது. அந்தம்மா விரலால் திரையைத் தொட்டு, "நம்ம வளைவுதான இது," என்றார். பிறகு தாலி. அவர் சத்தமில்லாமல் அழுதார், கூடவே சிரித்தார்.

"கண்ணு, இன்னொருக்கா போடறயா?"

போட்டாள். மறுபடி. மறுபடி. பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்து சிவப்பாக மினுக்கியது. அந்தம்மாவும் கவனித்துவிட்டார். "தீந்துருமாட்ட இருக்குது. போதுஞ் சாமி, நிறுத்திரு. எனக்கு நொம்ப திருப்தி."

கோ. பேட்டரியிலிருந்து பொட்டைப் பிய்த்துத் தன் மணிக்கட்டில் நான்காவதாக ஒட்டிக்கொண்டாள்.

"என் கணக்குல அது எப்பவோ தீந்துருச்சுங்கம்மா. நீங்க பாருங்க," என்று மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.