ஓடு நீக்கப்பட்ட ஏழு இறால்கள் குறித்து

அனுப்புநர்:
கா. மொய்னுதீன்,
இறால், கருவாடு வியாபாரம்,
பழவேற்காடு,
பொன்னேரி தாலுகா, செங்கற்பட்டு ஜில்லா.

பெறுநர்:
கனம் கல்லூரி முதல்வர் அவர்கள்,
சென்னை.

பொருள்: பி.எஸ்ஸி. விலங்கியல் இறுதி ஆண்டு மாணவி மொ. நசீரா செய்முறைத் தேர்வில் பூஜ்யம் பெற்றது – மறுதேர்வு கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. மேற்படி நசீரா என் ஒரே மகள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். இம்மாதம் 4ஆம் தேதி நடந்த செய்முறைத் தேர்வில் அவளுக்குப் பூஜ்யம் போடப்பட்டுள்ளது. அதில் தேறாதவர் பெயர் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகாது என்றும், பட்டியல் 18ஆம் தேதி அனுப்பப்படும் என்றும் அறிந்து, பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

2. நடந்தது யாதெனில், ஆளுக்கோர் இறால் தந்து, அதன் மீசை, தாடை, கால் முதலான பத்தொன்பது சோடி உறுப்புகளையும் சேதமின்றிக் கழற்றி, கறுப்பு அட்டையில் வரிசையாக ஒட்டிப் பெயர் எழுதச் சொன்னார்கள். என் மகள் இறாலைக் கையில் எடுத்தாள். எடுத்தது வரைதான் அவளுக்கு ஞாபகம். பார்த்தால் தலை, கால், ஓடு எல்லாம் குப்பைக் கூடையில். முதுகு நரம்பைக்கூட உருவியாகிவிட்டது. மேசைமேல் சுத்தமான சதை மட்டும் இருந்தது.

3. விரிவுரையாளர் திருமதி சாராள் அம்மையார் பெரிய மனது பண்ணி, உபரி இறால் ஆறு இருந்த தட்டை அவள் பக்கத்தில் வைத்து, வேறொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போனார். போனவர் திரும்புவதற்குள் ஆறும் முடிந்துவிட்டன. மகளின் வாக்குமூலத்தை அவள் பேச்சிலேயே தருகிறேன், மன்னிக்கவும்: “கையி அதுபாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சி வாப்பா, நா இன்னா பண்ணட்டும்?”

4. இதில் குற்றவாளி அவள் அல்ல, நான். லாரி வருவதற்குள் கூடை காலியாக வேண்டுமென்று ஆறு வயதிலேயே அவளை இறால் உரிக்க உட்காரவைத்தவன் நானே. இன்டர்மீடியட் பாடம் முழுவதையும் அவள் புத்தகத்தை எதிரே சாய்த்துவைத்து, இறால் உரித்துக்கொண்டேதான் படித்தாள். போதாக்குறைக்கு, தேர்வுக்கு வந்த இறாலும் எங்கள் கடைச் சரக்கு. பொன்னேரி ஸ்டேஷனில் அந்தக் கூடையை ரயிலேற்றியதும் நான்தான்.

5. மாணவி வியாபாரக் குடும்பத்தவர் ஆகையால் அடுத்த ஆண்டு பி.காம். சேரலாம் என்று அம்மையார் எழுதி அனுப்பியுள்ளார். பணிவுடன் மறுக்கிறேன். என் அண்ணன் மகன் ஷஃபியுல்லா தங்களிடமே பி.காம். படிக்கிறான். சரக்கு கெடுவதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதுவான். கெட்ட இறாலை மூக்கருகே பிடித்தாலும் அவனுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு பி.காம். தாராளம்.

மேற்படி ஏழு இறால்களும் அன்று மாலை அம்மையாரின் டிபன் கேரியரில் வீடு போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. புகாராகச் சொல்லவில்லை. உரித்த விதத்தில் குறையில்லை என்பதற்கு அத்தாட்சியாகவே குறிப்பிடுகிறேன்.

6. ஒரு தடவை தவறினாலும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது என் அண்ணன் உமர் பாரூக் போட்ட நிபந்தனை. இப்போதே மாப்பிள்ளை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணி பீவி ஜான் எங்கள் வாசலில் நின்று, “எறா உரிக்கவாடி பட்டணம் போன? அத்த இங்கியே செய்யலாமே!” என்று தெருவே கேட்கச் சொன்னார். மகள் அன்று சாப்பிடவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, ஐயா.

7. மறுநாள் முதல் வீட்டில் பயிற்சி நடக்கிறது. முதல் நாள் நாற்பது இறாலும் கறிக்குத்தான் ஆயின. பிறகு அவளுடைய வலது கட்டைவிரல் ஓட்டுக்கடியில் நுழையாதபடி துணி சுற்றிவிட்டோம். நான்காம் நாள் காலை பத்தொன்பது சோடியும் முழுசாக அட்டையில் ஏறின. அந்த அட்டையை இத்துடன் இணைத்துள்ளேன். நான்கு நாளாக மூன்று வேளையும் இறாலே தின்று குடும்பம் நொந்திருக்கிறது என்பதையும் தங்கள் கருணைக்குத் தெரிவிக்கிறேன்.

8. ஆகவே 18ஆம் தேதிக்குள் அவளுக்கு மறுதேர்வு வைத்து உத்தரவிடப் பிரார்த்திக்கிறேன். எங்கள் வம்சத்தில் யாரும் தவளையை உரித்ததில்லை, ஆகவே தவளை தர வேண்டும் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். மகள் படித்துப் பார்த்து, அந்த வரியை அடித்துவிட்டாள். “எறாவையே குடுக்கச் சொல்லு வாப்பா. துணி இல்லாம செய்றேன்” என்கிறாள்.

அவள் கேட்டபடியே இறாலையே தர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கா. மொய்னுதீன்

இடம்: பழவேற்காடு
தேதி: 9-2-1957

இணைப்பு: கறுப்பு அட்டை ஒன்று. உறுப்புகள் முப்பத்தெட்டு. எண்ணிக்கை குறைந்தால் தபாலில் விழுந்தது என்று கொள்ளவும். எறும்பு வராத இடத்தில் வைக்கவும்.