கழுதை பாயவில்லை

யூன் 5, வியாழன்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் வாசியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக அப்பாவுக்கு. அம்மாவுக்குப் பாதி தெரியும். மற்றப் பாதியை அவருக்கும் காட்ட வேண்டாம்.

சோளகக் காற்று. பகல் முழுதும் மணல். தலைமயிரில், தண்ணீர்க் குடத்தில், சோற்றில்கூட. யன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. நல்லது. அந்தச் சத்தத்தில் நான் முழித்திருப்பது தெரியாது.

இன்றைக்குச் செய்தவை:
கணிதப் பயிற்சி, பாதி.
சீருடை தோய்த்தது.
அப்பா கேட்டதற்கு "ஓம்" என்று சம்மதித்தது.

கடைசியைச் செய்திருக்கக் கூடாது.

பின்னேரம் அப்பா பிட்டைக் குழைத்துக்கொண்டு தொடங்கினார். "ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில கூட்டம். நகரசபை உறுப்பினரும் வாறார். இந்தத் தீவில உள்ள கழுதையள் முழுக்கப் பிடிச்சு, லொறியில ஏத்தி, இலுப்பைக்கடவைக்கு அங்கால காட்டில விடவேணும் எண்டு வான் ஓட்டுற நாங்கள் எல்லாரும் கேக்கப்போறம்."

நான் தலை நிமிரவில்லை.

"நீயும் வாறாய், றொஷி. எழும்பி நடந்ததைச் சொல்லவேணும்."

"எதை அப்பா?"

"எதையோ? கழுதை குறுக்கால பாய்ஞ்சதைத்தான். நான் சொன்னா டிறைவர் தன்னைக் காப்பாத்தக் கதைக்கிறான் எண்டுவினம். நீ சொன்னா ஆர் இல்லையெண்டுறது?"

அம்மா குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அப்பா."

போன மார்கழியில் நடந்தது. பேசாலையில் ஒரு கலியாண வீடு. அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. தலைமன்னார் றோட்டில் எங்கள் வான் ஒரு கழுதையில் முட்டி, பனையில் போய் நின்றது. முன் சீற்றில் ஜெனிற்றா அக்கா. அப்பாவுக்குப் பின்னால் நான். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே அக்கா போய்விட்டார்.

கழுதையும் செத்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு எங்கே ஹோர்ன் கேட்டாலும் எனக்குக் கால் அசையாது. வகுப்பில் எழுப்பினால் குரல் வராது. ஆலோசனை ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். அடிபட்ட கழுதைகளை வைத்துப் பராமரிக்கிற இடம் ஒன்று டவுனுக்கு வெளியில் இருக்கிறது, மனம் நொந்த பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் அந்தக் கழுதைகளோடு பழக விடுகிறார்கள், அனுப்பிப் பாருங்கள் என்றார்.

"கழுதையளோ?" அம்மா கேட்ட விதம் இன்னும் காதில் நிற்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். வெளியில் வந்ததும் சொன்னார்: "அப்பாவுக்கு விஞ்ஞான ரியூசன் எண்டு சொல்லு."

இதுதான் அம்மாவுக்குத் தெரிந்த பாதி. மாசி தொடக்கம் சனிக்கிழமைகளில் நான் கழுதைகளோடு. மற்றப் பாதி: அந்தக் கழுதை பாய்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

யூன் 6, வெள்ளி

காற்று குறையவில்லை. இடைவேளையில் என் வகுப்புச் சர்மிலா. அவள் என்னைக் கழுதைகள் இருக்கிற இடத்துக் கேற்றடியில் கண்டுவிட்டாள்.

"ஏய் றொஷானி, உன்ர மாப்பிள்ளை எப்பிடி இருக்கிறார்? வால் எவ்வளவு நீளம்?"

பின்வரிசை வாங்கு முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி கழுதை மாதிரிக் கத்தினாள். நன்றாகவும் கத்தவில்லை. உண்மையான கழுதை மூச்சை உள்ளே இழுக்கும்போதும் கத்தும். இவளுக்கு வெளியே விடும்போது மட்டும்தான் வந்தது.

"நல்ல நீளம்," என்றேன். "உங்கட அண்ணான்ர தாடியைவிட வடிவு. ஒவ்வொரு நாளும் சீவுறம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்மிலாவின் அண்ணனைச் சொன்னதற்காக இல்லை. நான் கதைத்ததற்காக. வகுப்பில் மார்கழிக்குப் பிறகு என் குரலை ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "இரு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில உன்ர அப்பாவிட்டச் சொல்லுறன். ரியூசனாம் ரியூசன்." அவளுடைய தகப்பனும் வான்காரர்.

சாப்பிடவில்லை. சொல்லட்டும்.

இல்லை, சொல்லக் கூடாது. மாதாவே, அவளுக்குக் காய்ச்சல் வரட்டும். சின்னக் காய்ச்சல்.

யூன் 7, சனி

காலை. "ரியூசன்." பையில் விஞ்ஞானக் கொப்பி, அடியில் பழைய சட்டை.

என்னுடைய கழுதையின் பெயர் பிரின்சிப்பல். எப்போதும் கேற்றடியில் நின்று யார் பிந்தி வருகிறார்கள் என்று பார்ப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு காது கிழிந்தது. பின்கால் முறிந்து பொருந்தியது, கோணல். அவரும் வாகனத்தில் அடிபட்டவர்தான். அங்கே யாரும் கழுதையில் ஏறுவதில்லை. பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது வரும்வரைக்கும் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் நாள் ஒரு மணித்தியாலம் நின்றேன், அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது நான் போனால் தலையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்துவிட்டு, கொட்டாவி விடுவார்.

பிரின்சிப்பல், சுருக்கமாகப் பி., என்னிடம் ஒருபோதும் கேட்காதவை:
இப்ப எப்பிடி, பரவாயில்லையோ?
அக்காவைக் கனவில் காண்கிறனியோ?
எல்லாம் கடவுளின் சித்தம், என்ன?

விலா எலும்பில் காதை வைத்தால் உள்ளே பெரிய காற்று போய்வரும். என் மூச்சும் கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் போகும்.

இன்றைக்கு, அங்கே கழுதைகளைப் பராமரிக்கிற சுமதி மிஸ்ஸும் நானும் கழுதைகளுக்கு ஒளிரும் பட்டி கட்டினோம். இரவில் றோட்டில் நின்றால் வெளிச்சம் பட்டு மின்னும். மிஸ் பட்டியை நீட்ட, நான் கழுத்தில் கட்ட, பி. கேற்றுக்கு வெளியே றோட்டோரம் நின்றார். அப்போது ஒரு மீன் லொறி. வேகம். தூரத்திலேயே ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது.

மண்ணில் நட்டது போல் நின்றேன்.

பி.யும் நின்றார். அசையவே இல்லை. காது நேராக, கண் அகல, நான்கு காலும் இறுகி. லொறி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. டிறைவர் கத்தினான்: "ரெண்டு கழுதையளும் செவிடே?"

மிஸ் என் கையைப் பிடித்தார். நான் கேட்டது: "ஏன் மிஸ் அது ஓடேல்ல?"

"பயந்தது, அதுதான். குதிரை பயந்தால் ஓடும். மாடும் ஹோர்ன் கேட்டால் மெல்லமா விலகும். கழுதை பயந்தால் நிக்கும். நிண்டு, என்ன எண்டு பாத்துத்தான் காலை எடுக்கும்." பிறகு சிரித்தார். "நான் அடம்பன் ஊரில மாட்டோட வளந்தவள். இங்க வந்த புதிசில கையைத் தட்டித் தட்டிக் கழுதையளைக் கலைப்பன். தட்டத் தட்ட நட்ட கல்லு மாதிரி நிக்குங்கள். எனக்கு வந்த கோபம்!"

மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு றோட்டு தெரிந்தது. அந்த இரவு றோட்டு. அப்பாவின் தோளுக்கு மேலால். தார் சூட்டுக்கு வந்து நிற்கிற கழுதை, வெளிச்சத்தில் இரண்டு கண். நடு றோட்டில். முதலிலிருந்தே அங்கேதான். "விலகு சனியனே" என்று அப்பா. ஹோர்ன், நீட்டாக. இன்னும் நீட்டாக. அது நிற்கிறது. ஹோர்ன் நிற்கவில்லை. அதற்குப் பிறகு இடி.

பாயவில்லை. அது பாயவில்லை.

பி.யின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்காவுக்கு. பிறகு, முதல் தரமாக, அந்தக் கழுதைக்கும்.

பின்னேரம்

அப்பா என்னைக் கதிரையில் இருத்திப் பழக்கினார். "இடப்பக்கத்தில இருந்து பாய்ஞ்சது எண்டு சொல்லு. சத்தமா. எங்க, சொல்லிக் காட்டு."

வாய் திறக்கவில்லை. தொண்டை காரணம் என்று அவர் நினைத்தார். "பரவாயில்லை பிள்ளை, நாளைக்கு வரும்," என்று தலையைத் தடவினார். அந்தக் கை. எனக்கு அந்தக் கையில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டம்.

அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மற்றப் பாதியையும். அம்மா மீன் செதில் அடிப்பதை நிறுத்தவில்லை.

"உண்மையைச் சொன்னால் ஜெனி வருவாளோ?"

"இல்லை."

"அந்தாள் அந்தப் பாய்ச்சலைப் பிடிச்சுக்கொண்டுதான் நடமாடுது. அதையும் பறிச்சியெண்டா விழுந்துபோவார் பிள்ளை."

"நான் பொய் சொன்னால் நான் விழுந்துபோவன் அம்மா. கழுதையளும் போயிடும். பிடிபடாத கழுதையளைப் பாத்து மற்ற வான்காரர் தொடர்ந்து ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போவினம். இன்னொரு அக்கா சாவா."

அம்மா கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். பிறகு: "தலைக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு போ. சன்னதம் வந்து தலைவிரிச்சவள் மாதிரி நிக்காமல்."

இது ஓமா இல்லையா, எனக்கு விளங்கவில்லை.

யூன் 8, ஞாயிறு

முடிந்துவிட்டது. எழுத்து கோணல். எழுதத்தான் போகிறேன்.

மண்டபம் நிறையச் சனம். பாதிப் பேர் கடலுக்குப் போகாத சோம்பலில் வந்தவர்கள். சர்மிலாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. முன்வரிசையில் இருந்தாள்.

அப்பா எழும்பி, "என்ர மூத்த பிள்ளையைத் தின்ற கழுதையள்," என்று தொடங்கினார். சனம் உச்சுக்கொட்டியது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எழும்பினேன். குரல் இல்லை. கால் இல்லை.

"சொல்லு பிள்ளை."

"பயப்பிடாதை."

"கொஞ்சம் தண்ணி குடுங்கோ."

"பாவம், அதுக்கு அண்டைக்கு அடிபட்டதோட மூளை கொஞ்சம் பிசகு." இது பின்னாலிருந்து.

எல்லாரும் கழுதையை மாதிரி என்னைத் தட்டிக் கலைத்தார்கள். நான் நின்றேன். மற்ற நாட்களில் இப்படி நின்றால் வெட்கம் வரும். இன்றைக்கு வரவில்லை. பார்த்துத்தான் காலை எடுப்பேன், அவ்வளவு நேரமும் இருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். உறுப்பினர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு குரல் வந்தது.

"அது பாயேல்ல. நடு றோட்டில நிண்டது. அப்பா ஹோர்ன் அடிச்சவர். மாடு எண்டால் விலகியிருக்கும். கழுதை ஹோர்னுக்குப் பயந்தால் அசையாது. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. இங்க கழுதையோட பிறந்து வளந்த உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் ஹோர்ன் தானே அடிக்கிறியள்? சொல்லுங்கோ பாப்பம்."

சர்மிலாவின் தகப்பன்தான் முதலில் கத்தினார். "ஆர் உனக்கு இதுகளைச் சொல்லித் தந்தது?"

சர்மிலா வாயைத் திறக்க முன்னம் நானே சொன்னேன். "கழுதையள். நான் சனிக்கிழமையில ரியூசனுக்குப் போறேல்ல. கழுதையளிட்டப் போறனான். எனக்குப் பிசகு இல்லை, பயம். அதுகளுக்கும் அதே பயம்தான். அதுகளை அனுப்பிறதெண்டால் என்னையும் லொறியில ஏத்துங்கோ."

ஒருவன் சிரித்தான். ஒரு கிழவர், ஐஸ் லொறி ஓட்டுபவர், திரும்பி அவனைப் பார்த்து, "சிரிக்காதையடா. நானும் ஹோர்ன் தான் அடிக்கிறனான்," என்றார். பிறகு ஆளுக்கு ஆள் சத்தம். உறுப்பினர், அடுத்த மாதம் பார்ப்போம் என்று கோப்பை மூடினார். ஆகவே கழுதைகள் இப்போதைக்கு இங்கேதான்.

அப்பா ஏசவில்லை. அடிக்கவில்லை. வான் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானைக் கிளப்பினார். நானும் அம்மாவும் நடந்து வந்தோம். வழியில் அம்மா என் கையை விடவில்லை.

பொழுதுபட வான் வந்தது. அப்பா இறங்கவில்லை. முற்றத்தில், கதவைத் திறந்துபோட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுபோனார். ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அம்மா சொன்னது போல விழுந்துவிட்டாரோ? பயம். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை: அப்பா பிறேக் பிடிக்கவில்லை. கழுதை விலகும் என்ற நம்பிக்கையில் கடைசிவரைக்கும் ஹோர்ன் மட்டும், வேகம் குறையவே இல்லை. அது ஊருக்கு உரியதில்லை. எனக்கும் அவருக்கும் இடையில்.

வான் கதவு சாத்தும் சத்தம். செருப்பு.

அறைக் கதவைத் தட்டுகிறார். அம்மா என்றால் தட்டாமல் தள்ளிக்கொண்டு வருவார். லைற்றை நிறுத்தப் போவதில்லை.

"பிள்ளை, முழிப்போ?"

பாயில் எழும்பி இருந்தேன்.

"ஏச வரேல்ல. ஒண்டே ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் பிறேக்கில கால் வைச்சனானோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், எனக்கு ஞாபகம் வருதில்லை றொஷி. நீ பின்னால இருந்தனி. நான் பிடிச்சனானோ?"

எனக்குத் தெரியும். சொல்லுவேன். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இல்லை. முதலில் கதவைத் திறந்து அவருடைய கையைப் பிடிக்கப்போகிறேன்.